சென்னையா பெங்களூரா: முடிவெடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

வேலைக்குச் சேரும் முன் ‘எந்த ஊர் வேண்டும்’ என்று கம்பெனி கேட்டுவிட்டால் போதும், வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கும். சென்னை என்றால் வெயில், பெங்களூரு என்றால் டிராஃபிக். இங்கே சொந்தபந்தம், அங்கே சம்பளம். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுத்தவர்கள்தான் ஆறே மாதத்தில் டிரான்ஸ்ஃபர் கேட்டு மெயில் தட்டுகிறார்கள். யாரும் ஒரு மாநகரம் முழுக்க வாழ்வதில்லை. ஆபீஸ் வாசல், தங்கும் அறை, இரண்டுக்கும் நடுவே ஒரு சாலை, பக்கத்தில் ஒரு மெஸ், வாரக்கடைசியில் ஊருக்குப் போக ஒரு பஸ். ஒப்பிட வேண்டியது இவற்றைத்தான்.

அதனால் முதல் தவறு, ஆஃபர் லெட்டரில் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது. ‘பெங்களூரு’ என்று போட்டிருந்தால் அது எலக்ட்ரானிக் சிட்டியா, ஒயிட்ஃபீல்டா, ஹெப்பால் பக்கம் மான்யதாவா, பெல்லந்தூர் வெளிவட்டச் சாலையா? ‘சென்னை’ என்றால் சிறுசேரியா, போரூரா, கிண்டியா, ஒரகடமா? ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர். எச்.ஆரிடம் கட்டடத்தின் பெயரைக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் நேரில் வர வேண்டும் என்பதையும் கேளுங்கள். பிறகு கூகுள் மேப்ஸில் செவ்வாய் அல்லது புதன், காலை ஒன்பதரைக்குப் போய்ச் சேருவது போல வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தால் இரண்டு ஊரும் சொர்க்கம்தான்.

இதிலேயே பிறக்கும் இன்னொரு வம்பு, ‘சித்தப்பா வீடு இருக்கிறதே’ என்ற யோசனை. வீடு அம்பத்தூரில், வேலை சிறுசேரியில். வாடகை மிச்சம்தான், ஆனால் ஒரு வழிக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். காலை ஆறரைக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்கு வந்து, சித்தி எடுத்து வைத்த சாப்பாட்டைச் சூடுபண்ணிச் சாப்பிட்டுப் படுப்பவனுக்குச் சென்னை பிடிக்காமல் போனால் அது சென்னையின் குற்றமா? பெங்களூரில் இதே கதைக்கு வேறு பாத்திரங்கள். நண்பர்கள் மாரத்தஹள்ளியில் இருக்கிறார்கள் என்று அங்கே ஒட்டிக்கொண்டு, தினமும் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்கள். நண்பர்களை நம்பி நால்வராக மூன்று படுக்கையறை வீடு எடுப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவனுக்கு ஹைதராபாத் என்று ஆனதும் முழு வாடகையும் மிச்சமிருக்கும் இருவர் தலையில் விழும்.

‘மெட்ரோ வந்துடும் சார்’ என்பது இரண்டு ஊர் புரோக்கர்களுக்கும் பொதுவான வசனம். ஓடுகிற மெட்ரோவை மட்டும் கணக்கில் எடுங்கள். பெங்களூரில் ஊதா வழித்தடம் ஒயிட்ஃபீல்டு வரை முழுமையாக ஓடத் தொடங்கியது 2023 அக்டோபரில். ஆர்.வி. ரோட்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா போகும் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில்தான் வந்தது. இவற்றின் ஓரமாக அறை கிடைத்தால் அந்த ஊரின் டிராஃபிக் புலம்பலில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. சென்னையில் சிறுசேரி இருக்கும் ஓ.எம்.ஆருக்கு (பழைய மகாபலிபுரம் சாலை) மெட்ரோ வரும் என்பது உண்மைதான், ஆனால் வரும் என்பதை நம்பி இன்றைக்கு வாடகை கூட்டிக் கொடுக்க முடியாது. 2007-இல் வேளச்சேரி வரை வந்த பறக்கும் ரயில், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் பரங்கிமலையைத் தொடப் பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்ததைப் பார்த்த ஊர் இது.

அடுத்தது பணம். சி.டி.சி.யை, அதாவது பிடித்தங்களுக்கு முன் கம்பெனி காட்டும் ஆண்டு மொத்தத்தை, வைத்து ஒப்பிடுவது பெரிய ஏமாற்று வேலை. கைக்கு வருவதை எடுத்து, அதில் முதல் மூன்று மாதச் செலவைக் கழித்துப் பாருங்கள். அட்வான்ஸ்தான் பலரையும் கவிழ்ப்பது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழக்கம் இரண்டு ஊரிலும் இருந்தது. இப்போது பல இடங்களில் குறைந்திருக்கிறது, ஆனாலும் பதினைந்தாயிரம் வாடகைக்கு ஆறு மாதம் என்றாலே தொண்ணூறாயிரம் ஆகிறது. முதல் சம்பளம் வரும் முன்பே அது அப்பாவின் கணக்கிலிருந்து போகும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது, ஆனால் ‘வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி’ என்று ஒரு வாலும் அதில் உண்டு. பெங்களூரில் காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சகஜம். அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே படியுங்கள்.

சின்னச் சின்ன வித்தியாசங்களும் சேர்ந்தால் தொகை பெரிது. சென்னையில் ஏப்ரல் முதல் ஏ.சி. இல்லாமல் தூங்குவது கஷ்டம். ஹவுஸ் ஓனர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு அவர் சொல்லும் ரேட் வாங்கினால், அரசு தரும் நூறு யூனிட் சலுகை உங்கள் பில்லில் தெரியவே தெரியாது. கர்நாடகத்தில் 200 யூனிட் வரை இலவசம் என்னும் கிருஹ ஜோதி திட்டம் 2023 முதல் வாடகைதாரர்களுக்கும் உண்டு. பிஜியில் (சாப்பாட்டோடு வாடகைக்கு விடும் தங்கும் விடுதி) தங்கினால் அதை நினைக்காதீர்கள். பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இலவசம். பெங்களூரிலும் பெண்களுக்கு இலவசப் பேருந்துப் பயணம் தரும் சக்தி திட்டம் இருக்கிறது, ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். சேலத்து ஆதாரை நீட்டினால் டிக்கெட்தான் கிடைக்கும். ‘சென்னை மெட்ரோ நகரம், வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை அதிகம்’ என்று யாராவது ஆரம்பித்தால், புதிய வரி முறையில் அந்த விலக்கே கிடையாது என்று சொல்லி முடித்துவிடலாம்.

டிசம்பரில் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்வது இன்னொரு தவறு. சென்னையை 2015 டிசம்பரையும் 2019 கோடையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்: முதலாவதில் வீட்டுக்குள் வெள்ளம், இரண்டாவதில் குடிக்கவே தண்ணீர் இல்லை. 2023-இல் மிக்ஜாம் புயல் மறுபடி மூழ்கடித்தது. பெங்களூரு மேட்டில் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர், அங்கே எப்படி வெள்ளம் என்று கேட்டவர்களும் உண்டு. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஆபீஸ் போனார்கள். 2024 கோடையில் அதே கிழக்குப் பகுதிகளில் போர்வெல் வற்றி, டேங்கர் லாரிக்காகக் காத்திருந்தார்கள்.

ஆகவே ஊரைக் கேட்காதீர்கள், தெருவைக் கேளுங்கள். குழாய்த் தண்ணீர் பெங்களூரில் காவிரியா, சென்னையில் மெட்ரோ வாட்டரா (குடிநீர் வாரியத் தண்ணீர்), இல்லை போர்வெல்லா, லாரியா? இதை ஓனரிடம் கேட்டால் ‘இருபத்துநாலு மணி நேரமும் வரும்’ என்பார். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள், எந்த வருடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று வண்டிச் சக்கரத்தைக் காட்டிச் சொல்வார். தரைத்தளச் சுவரில் ஒரே மட்டத்தில் பெயின்ட் உப்பியிருக்கிறதா, கரண்ட் மீட்டர் பெட்டியை வழக்கத்தைவிட உயரே ஏற்றி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

சொந்த ஊர் தூரத்தை உணர்ச்சியால் அளப்பவர்களும் நிறைய. நம் மாநிலம் என்பதால் சென்னை பக்கம் என்று தோன்றும். சேலத்துக்காரருக்குப் பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர், சென்னை 340. தருமபுரி, கிருஷ்ணகிரிக்குக் கேட்கவே வேண்டாம். திருநெல்வேலிக்குத் தூரம் இரண்டிலிருந்தும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் சென்னையிலிருந்துதான் ரயில்கள் அதிகம். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாளுக்கு முன்பு மட்டும். தீபாவளி டிக்கெட்டைத் தவறவிட்டால் ஆம்னி பஸ் கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டியதுதான். அப்புறம், தென் மாவட்டப் பேருந்துகள் 2023 இறுதியில் சென்னையின் தெற்கு ஓரத்தில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. வடக்குக் கோடியில் திருவொற்றியூரில் தங்கியிருந்தால் பஸ் ஏறுவதற்கே ஒரு பயணம் போக வேண்டும்.

பெங்களூரு போகிறவர்கள் செய்யும் தவறு, அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தமிழ் ஓடுகிறதே என்று கன்னடத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பது. தமிழ் தெரிந்தவருக்கு ஆட்டோ, கடை, ஓனர் அளவுக்குக் கன்னடம் சில மாதங்களில் வந்துவிடும், பேச வாயைத் திறந்தால். காவிரிப் பிரச்சினை வரும்போது வீட்டில் பயப்படுவார்கள். 2016-இல் பேருந்துகள் எரிந்ததை அவர்கள் மறக்கவில்லை. ஆனால் அங்கே அன்றாடம் அப்படி நகர்வதில்லை.

முதல் வேலையை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பதும் சரியில்லை. அந்த வேலை ஒன்றரை வருடத்தில் கசந்தால், அதே அறையிலிருந்து போகக்கூடிய இன்னும் பத்து கம்பெனிகள் உண்டா? ஸ்டார்ட்அப், சிப் டிசைன் என்றால் பெங்களூரு பக்கம் தட்டு சாயும். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் என்றால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம். தமிழில் எழுதிப் பிழைக்கிற எண்ணம் இருந்தால் சென்னையை விட்டு நகராதீர்கள். இரண்டுக்கும் நடுவே ஓசூர் இருப்பதைப் பலரும் யோசிப்பதே இல்லை. தொழிற்சாலை வேலைகள் அங்கேயே உண்டு. எலக்ட்ரானிக் சிட்டிக்கு அங்கிருந்து தினமும் போய் வருகிறவர்களும் ஏராளம்.

எந்த ஊராக இருந்தாலும் ரயிலிலிருந்து இறங்கிய வாரமே பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் இரண்டு மாதம் ஆபீஸுக்கு நடந்து போகும் தூரத்தில் பிஜி போதும், சாப்பாடு சுமாராகத்தான் இருக்கும். வீடு எடுக்கும்போது இடையில் காலி செய்தால் எத்தனை மாத வாடகை பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டு நம்பர் பிளேட் பைக்கைப் பெங்களூருக்குக் கொண்டுபோனால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருக்க மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குச் சொந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அதை ஊருக்கு வரும் ஒரு லீவிலேயே முடித்துவிடுங்கள்.