பார்க்கைப் பூட்டிட்டாங்கன்னா இந்தத் தப்பையெல்லாம் பண்ணாதீங்க

போன ஞாயித்துக்கிழமை காலையில பார்த்தது. மண்ணுல மேடு கட்டி பைக்கைப் பறக்க விட்டு ஓட்டற டர்ட் பைக் பார்க், மூடி எட்டு மாசம், கேட்ல பெரிய பூட்டு, பக்கத்துல வேலியை யாரோ வளைச்சு விட்ட ஒரு சந்து, அதுக்குள்ள நாலு பசங்க வண்டியைச் சாய்ச்சு இழுத்துட்டு இருக்காங்க. நிறுத்தி "எங்கப்பா?"ன்னு கேட்டேன். "உள்ள யாரும் இல்லண்ணா, நமக்குத் தெரிஞ்ச டிராக்தான், கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்"னான் ஒருத்தன். இதே வார்த்தையை, கிட்டத்தட்ட இதே இளிப்போட, நானும் ஒரு காலத்துல சொல்லியிருக்கேன். அதான் இதை எழுதறேன்.

ஹெல்மெட் போடு, பூட்ஸ் போடுங்கறதெல்லாம் இங்க கிடையாது. அது தெரியாம யாரும் இதைப் படிக்க வரமாட்டீங்க.

"நமக்குத் தெரிஞ்ச டிராக்தானே"

இன்னிக்கு வரைக்கும் எனக்கு எரிச்சல் வர்ற தப்பு இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

நான் மூணு வருஷம் ஓட்டின ஒரு டிராக். லெஃப்ட் பெர்ம்ல (வளைவுல வெளிப்பக்கம் கட்டின மண் கரை) இருந்து வெளிய வந்து, மூணாவது கியர்ல, வெள்ளையடிச்ச ஒரு கல்லு தாண்டினதும் த்ராட்டிலைத் திறந்தா டேபிள்டாப்பை (உச்சி மேஜை மாதிரி தட்டையா இருக்கற ஜம்ப்) அப்படியே தாண்டி லேண்டிங் சரிவுல முன் வீல் பஞ்சு மாதிரி இறங்கும். எத்தனை நூறு தடவை பண்ணியிருப்பேன்னு கணக்கே இல்ல. பார்க் மூடி நாலு மாசம் ஆச்சு, நடுவுல ஒரு மழைக்காலம் போச்சு. கை ஊறுச்சு. நானும் ஃப்ரெண்டும் கேட்டைச் சுத்தி உள்ள போனோம்.

முதல் ரவுண்டே ஃபுல் ஸ்பீடு. கீழேருந்து பார்க்கும்போது ஜம்ப் முகப்பு பழைய மாதிரியே இருந்துச்சு, அந்த வெள்ளைக்கல்லு கூட அங்கேயே இருந்துச்சு. மேல பறந்ததுக்கு அப்புறம்தான் பார்த்தேன், லேண்டிங் சரிவு நடுவுல மழைத்தண்ணி ஓடி முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால். காத்துல இருக்கும்போது பிரேக்கும் கிடையாது ஸ்டியரிங்கும் கிடையாது, பார்க்கத்தான் முடியும். முன் வீல் நேரா அதுக்குள்ள போச்சு. காலர்போன், ரெண்டு விலா எலும்பு, வலது மணிக்கட்டு.

இது பாதிக் கதைதான். ஃப்ரெண்டு போன் பண்ண சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடினான், ஆம்புலன்ஸ் வந்துச்சு, ஆனா கேட் பூட்டியிருக்கு, சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியாது. வேலிச் சந்துல ஸ்ட்ரெச்சர் நுழையல. பூட்டை உடைச்சு என்னைத் தூக்கிட்டுப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பார்க் ஓடிட்டு இருந்தப்போ அதே இடத்துல விழுந்தவங்களை ஃபர்ஸ்ட் எய்ட் ஆளு ரெண்டு நிமிஷத்துல வந்து பார்த்ததை நானே பார்த்திருக்கேன்.

அப்புறம் தெரிஞ்சதுதான் கொடுமை. பார்க்கைத் திரும்பத் திறக்க ஓனர் அலைஞ்சு திரிஞ்சு ஒரு இன்ஷூரன்ஸ் ஆளைப் பிடிச்சு வச்சிருந்தாரு, பேச்சு முடியற நிலைமை. பூட்டின இடத்துலயே ஒருத்தன் புகுந்து எலும்பை உடைச்சுக்கிட்டான்னு தெரிஞ்சதும் அவங்க பின்வாங்கிட்டாங்க. என் எலும்பு ரெண்டு மூணு மாசத்துல கூடிடுச்சு, பார்க் இன்னும் திறக்கல. அங்க ஓட்டினவங்க சில பேர் என்கிட்ட இன்னிக்கும் சரியா பேசறதில்ல, அவங்க கோவம் நியாயம்தான்.

மண்ணுல கட்டின ஜம்ப் வீட்டுச் சுவர் மாதிரி நிக்காது. ஓடற பார்க்குல டிராக்டர் விட்டு மண்ணைச் சமன் பண்ணுவாங்க, தூசி அடங்கத் தண்ணி தெளிப்பாங்க, வீல் ஓடி விழற பள்ளம், அதான் ரட், ஆழமானா மூடுவாங்க, நாம வந்து ஓட்டிட்டுப் போறதால அந்த வேலை கண்ணுலயே படாது. நிறுத்திட்டா மழைக்கு மழை டிராக் மாறும். ஜம்ப் உச்சியில நாலு விரல் உயரத்துக்கு மண்ணு குவிஞ்சு ஒரு புடைப்பு ஆனாலே போதும், பின் வீலை உதைச்சு விட்டு வண்டியை மூக்குக் குப்புற கவுக்கும்.

அதோட, டிராக் ஒரே திசையில ஓடணும்ங்கற விதி பார்க் இருக்கற வரைக்கும்தான். மூடினப்புறம் எவனாவது எதிர்த்திசையில வருவான், மாடு மேயும், காலையில நடக்கறவங்க வருவாங்க, அவங்களைப் பொறுத்தவரை அது வெறும் மைதானம், நம்ம லேண்டிங் எங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? புதுசா ஆள் நுழையக்கூடாதுன்னு பாதையில குறுக்கே கம்பியோ சங்கிலியோ கட்டி வைக்கறதும் உண்டு. ஸ்பீடுல வரும்போது ஒத்தைக் கம்பி கண்ணுக்குத் தெரியாது, அதுவும் பெரும்பாலும் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் நடுவுல இருக்கும்.

திறந்திருக்கற பார்க்லயும் என் பழக்கம் இப்போ இதுதான்: முதல்ல நடந்து பார்ப்பேன், அப்புறம் ரெண்டு ரவுண்டு எதையும் பறக்காம உருட்டிட்டுப் போவேன், ஒவ்வொரு ஜம்ப் மேலயும் மெதுவா ஏறி லேண்டிங்கை எட்டிப் பார்த்துட்டுத்தான் இறங்குவேன். பசங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

ஏன் மூடினாங்கன்னு கேக்காம இருக்கறது

மூடினாலே அதிகாரிங்க சதின்னு நினைக்கறோம். சில சமயம் அந்த மண்ணே ஆபத்தா இருக்கும். கலிஃபோர்னியாவுல கிளியர் கிரீக்னு பைக்காரங்க கொண்டாடின மலைப்பகுதி, 2008 மே மாசம் மூடினாங்க. காரணம், அங்க மண்ணுலயே இயற்கையா ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு, வண்டி ஓட்டும்போது கிளம்பற தூசியில அந்த நார் நுரையீரலுக்குள்ள போகுது. பைக் ஓட்ட வச்சே காத்தை அளந்து பார்த்தாங்க, முன்னாடி போறவனை விட பின்னாடி தூசி தின்னுட்டு வர்றவனுக்குத்தான் அதிகம். அந்த நோய் பல வருஷம் கழிச்சுத்தான் தலைகாட்டும், அதனால "நான் ஓட்டினேனே, ஒண்ணும் ஆகலையே"ங்கறது இங்க பேச்சே இல்ல. காரணத்தை ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் கோவப்படுங்க.

சைலன்சர்ல கை வைக்கறது

பார்க் சாகறதுக்கு நான் பார்த்தவரைக்கும் முக்கியக் காரணம் சத்தம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நம்ம ஜம்ப் தெரியாது, நம்ம சைலன்சர்தான் தெரியும். பல இடத்துல எக்ஸாஸ்ட் வாயிலேருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்துல மைக் வச்சு அளப்பாங்க, 96 டெசிபல் தாண்டினா வெளிய அனுப்பிடுவாங்க. டெசிபல் நாம கூட்டிப் பார்க்கற மாதிரி கூடாது, 96 சத்தத்துல ஒரே மாதிரி ரெண்டு வண்டி நின்னா மொத்தம் 99தான். ஆனா நீ சைலன்சருக்குள்ள சத்தத்தைக் குறைக்கற பேஃபிளைக் கழட்டின ஒரே வண்டியை 106க்குக் கொண்டுபோனா, ஒழுங்கா இருக்கற பத்து வண்டி சேர்ந்து போடற சத்தத்தை நீ ஒருத்தனே போடற. பவர் கூடிச்சுன்னு சொல்றவங்க எதை வச்சு அளந்தாங்கன்னு கேளுங்க, காதை வச்சுத்தான்.

தனியா போறது

போகாதீங்க.

மிச்சமிருக்கற பார்க்ல பழைய மாதிரியே ஓட்டறது

ஒரு பார்க் மூடினா கூட்டம் அடுத்த பார்க்குக்கு வரும். முந்தி இருபது வண்டி ஓடின டிராக்ல இப்போ ஐம்பது. முதல் வாரம் கிளட்ச் பிடிக்கக் கத்துக்கறவனும் ரேஸ் ஓட்டறவனும் ஒண்ணா. இங்க புதுசா வர்றவங்க பண்றது, பின்னாடி சத்தம் கேட்டதும் பயந்து வழி விடறேன்னு குறுக்கே ஒதுங்கறது. வேகமா வர்றவன் உன் லைனை, அதாவது நீ போற தடத்தைப் பார்த்து எந்தப் பக்கம் போறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணியிருப்பான், நீ ஒதுங்கற பக்கம்தான் அவன் வருவான். உன் லைனை மாத்தாதே, திரும்பிப் பார்க்காதே, தாண்டறது அவன் பொறுப்பு.

மஞ்சக் கொடி ஆடினா பறக்கறதும் இல்ல, ஓவர்டேக்கும் இல்ல. லேண்டிங்ல ஒருத்தன் கிடக்கறான்னு அர்த்தம்.

விழுந்தவன் ஹெல்மெட்டைக் கழட்டறது

மூச்சு விடறானா? அப்போ தொடாதே, கழுத்தை அசைக்காதே. முதல்ல ஒருத்தன் ஜம்புக்கு முன்னாடி போய் கையை ஆட்டி வர்ற வண்டியை நிறுத்தணும். எல்லாரும் அடிபட்டவனைச் சுத்தி நின்னுடுவாங்க, மேல இருந்து அடுத்த வண்டி வந்து இறங்கும்.

ஞாயித்துக்கிழமை கதைக்கு வர்றேன். அந்தப் பசங்கள்ல ஒருத்தனை மட்டும் வேலியோரமா கூட்டிட்டுப் போய், "உன் லேண்டிங் எங்கன்னு காட்டு"ன்னேன். இடுப்பு உயரத்துக்குப் புல்லு. கையை நீட்டினான், கொஞ்சம் தள்ளிக் காட்டினான், அப்புறம் கையை இறக்கிட்டான். "அப்போ நாங்க எங்கதாண்ணா ஓட்டறது?"ன்னு கேட்டான். ரெண்டு மணி நேரத் தூரத்துல இருக்கற பார்க் பேரைச் சொன்னேன், அதுக்கு மேல என்கிட்ட பதில் இல்ல. ரெண்டு பேர் வண்டியை ஏத்தினாங்க, ஸ்ட்ராப்பைத் தப்பா மாட்டினாங்க, அதையும் நானே மாத்திக் கட்டினேன். மத்த ரெண்டு பேர் நான் கிளம்பற வரைக்கும் அந்தச் சந்துக்குப் பக்கத்துலயேதான் நின்னுட்டு இருந்தாங்க.