பெர்செபொனி கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருவங்கள் ஏன் மாறுகின்றன என்பதற்குக் கிரேக்கர்கள் சொன்ன கதை என்றாலே டிமீட்டரும் அவள் மகள் பெர்செபொனியும்தான் நினைவுக்கு வருவார்கள். பாதாள அரசன் ஹேடீஸ் மகளைத் தூக்கிச் செல்கிறான். தானிய தெய்வமான தாய் துயரம் தாங்காமல் பயிர் முளைக்காதபடி செய்துவிடுகிறாள். இதுவரை சரி. பாதாளத்தில் மாதுளை தின்றதால் மகள் ஆண்டில் ஒரு பகுதியை அங்கேயே கழிக்க நேர்கிறது; அந்த மாதுளையில்தான் குழப்பம் தொடங்குகிறது.

"ஆறு முத்துகளைத் தின்றாள், அதனால் ஆறு மாதம் பாதாளத்தில்" என்று எழுதிவிடாதீர்கள். ஹோமரின் பெயரால் வழங்கும் டிமீட்டர் துதிப்பாடல் ஏறத்தாழ கி.மு. 7 அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஹேடீஸ் கள்ளத்தனமாக ஊட்டுவது ஒரே ஒரு மாதுளை முத்து; அவள் பாதாளத்தில் கழிக்க வேண்டியது ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. பாதி ஆண்டுக் கணக்கு ரோமக் கவிஞர் ஓவிட் சொன்னது. அவரும் 'உருமாற்றங்கள்' நூலில் ஏழு முத்துகள் என்கிறார். முத்துக்கு ஒரு மாதம் என்ற வாய்ப்பாடு இரண்டிலும் இல்லை.

பழியை ஹேடீஸ் தலையில் மட்டும் கட்டுவதும் தவறு. பெண்ணின் தந்தை ஜீயஸ் சம்மதித்துத்தான் இது நடக்கிறது. தாயை யாரும் கேட்கவில்லை. ஹேடீஸை எமனாக்குவதும் பொருந்தாது: அவன் இறந்தவர்களை ஆள்பவன், உயிரைப் பறிக்க வருபவன் அல்ல.

பெரிய பிழை, இக்கதையில் வட ஐரோப்பியப் பனிக்காலத்தைத் திணிப்பது. கிரேக்க உழவர் இலையுதிர் காலத்தில் விதைத்தார்; குளிர்காலத்தில் வயல் பச்சையாக இருக்கும்; அறுவடை முடிந்தபின் கோடையில்தான் நிலம் காய்ந்து கிடக்கும். இதனால் சில அறிஞர்கள், பெர்செபொனி மறைந்திருப்பது கோடையில், விதைநெல்லைப் போல நிலத்தடிக் குழிகளில் சேமித்த தானியமே அவள் என்று வாதிட்டார்கள். ஆனால் பூக்கள் மலரும் வசந்தத்தில் அவள் திரும்புகிறாள் என்று துதிப்பாடல் தெளிவாகவே சொல்கிறது. அதே பாடல், தாயின் துயரத்தால் ஆண்டுதோறும் குளிர்காலம் வருகிறது என்று எங்கும் சொல்லவில்லை. அதில் வரும் பஞ்சம் ஒரே ஒரு முறைதான். என் பார்வையில், ஏதென்ஸுக்கு அருகிலுள்ள எலூசிஸ் ஊரில் டிமீட்டருக்காக நடந்த மறைச்சடங்குகள் எப்படி வந்தன என்பதே அதன் முதன்மை அக்கறை.

கடைசியாக, வானம் பார்க்கத் தெரியாமல் கதை கட்டினார்கள் என்ற இளக்காரம் வேண்டாம். கார்த்திகை விண்மீன்கள் விடியலில் உதிக்கும்போது அறுவடை செய், மறையும்போது உழு என்று 'வேலைகளும் நாட்களும்' நூலில் கணக்குச் சொன்னவர் பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியட். உழவைத் தொடங்கிக் கலப்பையின் கைப்பிடியைப் பற்றும்போது ஜீயஸையும் டிமீட்டரையும் வேண்டிக்கொள் என்றவரும் அவரேதான், அதே நூலில்.