புதன்கிழமையும் தடுப்பூசி அட்டையும்

தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வழக்கமாகப் புதன்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. முற்பகலிலேயே சென்றுவிடுவது நல்லது. தட்டம்மை-ரூபெல்லா, பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) ஆகிய மருந்துகளைக் கரைத்தபின் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பதால், பிற்பகலில் வரும் ஒரே குழந்தைக்காகப் புதுக் குப்பியைத் திறக்கச் செவிலியர் சில வேளை தயங்கக்கூடும்.

தாய் சேய் நல அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றவர்கள், ஊர் மாறியவர்கள் ஆகியோரும் அந்த அட்டையைக் காட்டி, அருகிலுள்ள அரசு நிலையத்திலேயே அடுத்த தவணையைப் போட்டுக்கொள்ளலாம். அட்டையின் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வைப்பது, தொலைந்த பிறகு அலைவதைவிட எவ்வளவோ மேல்.

6, 10, 14 வாரங்களில் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியின் ஒரு தவணை தவறிவிட்டால், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இலேசான சளி இருக்கிறது என்று தள்ளிப்போடுவதும் பெரும்பாலும் தேவையற்றது. ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பிசிஜி போட்ட இடது தோளில் சில வாரங்கள் கழித்துச் சிறு கொப்புளம் எழுந்து தழும்பாவது இயல்பே; அதன்மேல் மஞ்சளோ எண்ணெயோ தடவ வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு 10, 16 வயதுகளில் டிடி (டெட்டனஸ்-டிப்தீரியா) ஊசி உண்டு என்பதைத்தான் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்.