பழைய காரின் ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன்

1930-களின் கார்களைச் சீரமைக்க வரும் இளைஞர்களிடம் அதே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டயர் காற்று, காய்ந்த கிரீஸ் போன்றவற்றை எந்தப் பட்டறையிலும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பின்னால் குலுங்குகிறது என்று பின் ஸ்பிரிங்கை மட்டும் இளக்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பின்சீட்டில் அப்பாவுக்கு முதுகு வலிக்கிறது என்று ஒருவர் பின் லீஃப் ஸ்பிரிங்கில், அதாவது எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்கில், ஒரு பிளேட்டைக் கழற்றிவிட்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நின்ற வண்டியை அமுக்கிப் பார்த்தால் மெத்தென்று இருந்தது. வேகத்தடையைத் தாண்டியதும் மூக்கும் வாலும் மாறி மாறி ஆடின. சில மாதங்களில் மெயின் பிளேட் முறிந்தது. அந்தக் காலத்துப் பிளேட் கடையில் கிடைக்குமா? புதிதாக அடிக்க வேண்டியிருந்தது, செலவு கொஞ்சமல்ல.

மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்சக்கரம் சற்றுத் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடிக்கும், வண்டி ஒன்றாக ஏறி இறங்கும். பொறியாளர் மாரிஸ் ஆலி 1930-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் பிரிவில் இதைச் சோதித்தார். ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் எடைகளை நகர்த்தி, ஸ்பிரிங்குகளை மாற்றி ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின்னதைவிட மென்மையாக இருந்தபோதுதான் ஆட்டம் அடங்கியது.

அதுவரை முன் ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்ததற்கும் காரணம் உண்டு. இரண்டு முன்சக்கரங்களையும் இணைத்து ஒரே துண்டாக இருக்கும் முன் ஆக்சிலில் ஸ்பிரிங் இளகினால் ஸ்டியரிங் வெடவெடக்கும். அதனால்தான் 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸ் முன்சக்கரங்களைத் தனித்தனியாகத் தாங்கும் சஸ்பென்ஷனுக்கு மாறியது. ஆகவே அத்தகைய ஆக்சில் உள்ள வண்டியில் முன்பக்கத்தையும் இஷ்டத்துக்கு இளக்காதீர்கள். முதலில் பிளேட்டுகளுக்கு இடையிலுள்ள துருவை நீக்கி, ஷாக் அப்சார்பரைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் வலி அங்கேதான் இருக்கும்.

ஏர்ஃப்ளோவை வெறும் வடிவமாகப் பார்ப்பது

1934 கிரைஸ்லர் ஏர்ஃப்ளோவின் வளைந்த முகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கிரைஸ்லர் பொறியாளர் கார்ல் பிரீரின் குழு எஞ்சினை முன் ஆக்சிலுக்கு மேலே தள்ளி, பின்சீட்டைப் பின் ஆக்சிலுக்கு முன்னால் கொண்டுவந்தது. அந்தக் கார் சொகுசாகப் போனதற்கு இந்த எடைப் பகிர்வு முக்கியக் காரணம். முகத்தை மட்டும் நகலெடுத்தால் சொகுசு வராது.

சின்ன மாதிரியில் அளந்த காற்றுத்தடை எண்ணை நம்புவது

செக் நாட்டுக் காரான டாட்ரா 87-க்குச் சின்ன மாதிரியில் கிடைத்த காற்றுத்தடை எண் (குறைந்தால் நல்லது) சுமார் 0.24. நிஜக் காரைக் காற்றுச் சுரங்கத்தில் 1979-இல் அளந்தபோது 0.36.

பின் எஞ்சினும் ஊசல் ஆக்சிலும் உள்ள வண்டியில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைச் சட்டென விடுவது

விடாதீர்கள். ஊசல் ஆக்சிலில் ஒவ்வொரு பின்சக்கரமும் தன் அரை ஆக்சிலோடு சேர்ந்து மேலும் கீழும் ஊசல்போல் சாயும்; அதனால் வெளிப்பக்கப் பின்சக்கரம் அடியில் மடங்கும்.