கடலூர் ஜெயில் ரெக்கார்டு தேடப் போறீங்களா, முதல்ல அந்த எழுத்துங்களப் படிக்கக் கத்துக்கோங்க

லீவுல ஊருக்குப் போறப்ப தாத்தாவப் பத்தின பழைய காகிதம் ஏதாவது கிடைக்குமான்னு பாக்க நெனக்கிறவங்களுக்குத்தான் இது, அதுவும் குடும்பத்துல யாராவது கடலூர் கேப்பர் மலை ஜெயில்ல இருந்தாங்கன்னு கேள்விப்பட்டிருந்தா கண்டிப்பா படிங்க. 1918 நவம்பர்ல புதுச்சேரிய விட்டு வெளிய வந்த பாரதியாரையே பிடிச்சு கடலூர் ஜெயில்லதான் வச்சாங்க, அதனால எங்க பக்கம் ஜெயிலுக்குப் போனவர்னு சொன்னாலே தியாகின்னு நெனச்சுக்குவோம். எங்க வீட்டுலயும் அப்படித்தான் நெனச்சோம்.

பாட்டியோட இரும்புப் பெட்டியில ஒரு காகிதம் இருந்துச்சு, பாதிய பூச்சி தின்னுட்டுது. மிச்சத்துல இருந்தது ‘சி.சி. 212/33, ஆர்.ஐ. 3 எம்., ஃபைன் ரூ.10, ஐ/டி 1 எம்.’ அவ்ளோதான். "நீதான்டா படிச்சவன், என்னன்னு சொல்லு"ன்னு சித்தப்பா கேட்டாரு. சி.சி.ன்னா காங்கிரஸ் கமிட்டியாத்தான் இருக்கும்னு நான் யோசிக்காம சொல்லிட்டேன். மறுநாளே பேத்தி காதுகுத்துப் பத்திரிகையில தாத்தா பேருக்கு முன்னாடி தியாகின்னு போட அச்சாபீஸுக்கு ஆள் போயிடுச்சு, எனக்கு ஒரு தியாகி சர்டிபிகேட்டு வாங்கிக் குடுத்துட்டுதான் நீ ஃப்ளைட் ஏறணும்னு சித்தப்பா பிடிவாதமா நின்னாரு.

அங்க ஆரம்பிச்சுது அலைச்சல். மூணு வாரத்துல ஒன்பது நாள் ஒரே ஆபீஸ் வாசல்ல போச்சு. திங்கக்கிழமை வாங்கன்னாங்க, திங்கக்கிழமை போனா சார் லீவு, அடுத்த நாள் போனா பழைய ரெஜிஸ்டர் இருக்குற ரூமுக்கு சாவி இல்ல, கடைசியில ஆர்.டி.ஐ. போடுங்கன்னு சொன்னாங்க. பத்து ரூபா கட்டி மனு எழுதிட்டுப் போனா, பாஸ்போர்ட்டப் பாத்துட்டு நீங்க போட முடியாது சார்ங்கிறாரு. அவர் சொன்னது சட்டப்படி சரிதான், தகவல் உரிமைச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்குக் குடுக்குற ஓ.சி.ஐ. கார்டு வச்சிருந்தாலும் நடக்காது. பொறந்தது திருப்பாதிரிப்புலியூர், என் சொந்தத் தாத்தாவப் பத்தி ஒரு கேள்வி கேக்க எனக்கு உரிமை இல்லன்னு ஆனப்ப தொண்டைய அடைச்சுடுச்சு. அந்த உரிமைய நானேதான் எழுதிக் குடுத்தேன், மெல்போர்ன்ல ஒரு ஹால்ல கைய உசத்தி உறுதிமொழி எடுத்து.

அதனால சொல்றேன், கிளம்புறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஊர்ல இருக்குற தம்பி தங்கச்சி பேர்ல மனுவப் போட்டுடுங்க, பதில் குடுக்க அவங்களுக்கு 30 நாள் டைம் இருக்கு, உங்க லீவு அதுக்குள்ள முடிஞ்சிடும். புதுச்சேரிப் பக்கத்து ஆளா இருந்தா அது வேற கதை, 1954 வரைக்கும் அங்க பிரெஞ்சு ஆட்சி, காகிதமும் பிரெஞ்சுலதான் இருக்கும்.

இப்ப எழுத்துக்கு வரேன். சி.சி.ன்னா காலண்டர் கேஸ். மாஜிஸ்திரேட் கோர்ட்டுல அந்த வருஷம் பதிவான வழக்கு நம்பர், 212/33-ன்னா 1933-ல 212-வது வழக்கு. பக்கத்துல நம்பரும் சாய்கோடும் வருஷமும் இருந்தா அது கட்சிப் பேரா இருக்காது, இத மட்டும் அன்னிக்கு நான் கவனிச்சிருந்தா போதும். எஸ்.சி.ன்னு இருந்தா செஷன்ஸ் கேஸ், அத ஜாதின்னு படிச்சுடாதீங்க. ஆர்.ஐ. கடுங்காவல், எஸ்.ஐ. வெறுங்காவல், சப்-இன்ஸ்பெக்டர் இல்ல. யூ.டி.ன்னா விசாரணைக் கைதி, தண்டனையே ஆகியிருக்காது. ரெண்டு பெயருக்கு நடுவுல மெயில் ஐடியில வர்ற @ குறி இருந்தா ‘என்கிற’ன்னு அர்த்தம், ஒரே ஆள்தான். பேருக்குப் பக்கத்துல ஏ, பி, சின்னு தனி எழுத்து இருந்தா ஜெயில் வகுப்பா இருக்கலாம், படிப்பும் வசதியும் பாத்துக் குடுத்தது, சி வகுப்புல நெறைய போராட்டக்காரங்களும் கிடந்தாங்க. எல்லாத்துக்கும் மேல யூ/எஸ்-னு போட்டு வர்ற நம்பரப் பாருங்க, அதுதான் சட்டப் பிரிவு. 143, 188, 124ஏ மாதிரி இருந்தா கூட்டம், தடையுத்தரவு, ராஜத்துரோகம்னு அரசியல் வழக்கா இருக்க வாய்ப்பு உண்டு.

தம்பி போட்ட மனுவுக்குப் பதில் நான் இங்க திரும்பி வந்த அப்புறம்தான் வந்துச்சு, வாட்ஸ்அப்ல படம் எடுத்து அனுப்பினான். யூ/எஸ் 379 ஐ.பி.சி. திருட்டு. என்னத்தத் திருடினாருன்னு அதுல இல்ல. அங்க அடையாளம்னு ஒரு கட்டத்துல இடது கணுக்கால்ல வடுன்னு எழுதியிருக்கு. அந்த வடுவ நான் தொட்டுப் பாத்திருக்கேன், சின்னப் பையனா இருந்தப்ப கால் அமுக்கி விடுறப்ப, அது என்ன தாத்தான்னு கேட்டா பதில் சொல்ல மாட்டாரு.

ஐ/டின்னா அபராதம் கட்டத் தவறினால்னு அர்த்தம். பத்து ரூபா கட்டியிருந்தா மூணு மாசத்துல வீட்டுக்கு வந்திருப்பாரு. விடுதலைத் தேதிய எண்ணிப் பாத்தேன், முழுசா நாலு மாசம். அந்தப் பத்து ரூபாய்க்கு பாட்டி யார் யார் வீட்டு வாசல்ல போய் நின்னாங்களோ, கேக்க இப்ப ஆள் இல்ல. அவங்க போனப்பக்கூட எனக்கு லீவு கிடைக்கல, பதினாறாம் நாளுக்குத்தான் வந்து சேந்தேன்.

சித்தப்பாகிட்ட இன்னும் சொல்லல. சர்டிபிகேட்டு என்னாச்சுன்னு ஞாயித்துக்கிழமை தோறும் போன் பண்றாரு.