இன்ஃபோசிஸ் இறங்கினால் சதி, பேர் தெரியாத ஐடி பங்கு ஏறினால் அதிர்ஷ்டமா?

பங்குச் சந்தையில் சின்னத் தொகை போடுகிறவர்கள் பேசிக்கொள்வதைக் கவனித்திருக்கிறீர்களா? டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மாதிரி ஒரு பங்கு ஒரே நாளில் 5 சதவீதம் இறங்கிவிட்டால் போதும், "ஆபரேட்டர் வேலை" (பணம் போட்டு விலையை ஆட்டுகிறவர்தான் ஆபரேட்டர்), "வேணும்னே அமுக்குறாங்க", "நம்மள உதறிவிடப் பாக்குறாங்க" என்று வரிசையாக வரும். அதே ஆட்கள், 18 ரூபாய்க்கு விற்கிற, நேற்றுவரை கேள்விப்படாத ஏதோ ஒரு ஏஐ கம்பெனிப் பங்கு தொடர்ந்து அப்பர் சர்க்யூட் (ஒரு நாளில் ஏற அனுமதித்த உச்ச வரம்பு) அடித்தால் துளிகூடச் சந்தேகப்பட மாட்டார்கள், அதற்குப் பேர் மல்டிபேக்கர், போட்ட பணத்தைப் பல மடங்காக்கும் பங்கு. விலையை ஆள் வைத்து ஆட்டுவது எங்கே சுலபமோ அங்கே கண்ணை மூடி நம்புகிறோம், எங்கே ரொம்பச் செலவு பிடிக்குமோ அங்கே போய்ச் சதியைத் தேடுகிறோம். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் பெரிய பங்குகள். 2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை, சந்தை மூடியபிறகு இன்ஃபோசிஸ் காலாண்டு முடிவு வந்தது. முந்தைய காலாண்டைவிட வருமானம் நாணய மாற்றம் நீக்கிப் பார்த்தால் 3.2 சதவீதம் குறைவு, அடுத்த ஆண்டு வருமானம் எவ்வளவு வளரும் என்று கம்பெனியே சொல்லும் கணிப்பு, அதாவது கைடன்ஸ், வெறும் 4 முதல் 7 சதவீதம். அன்று ராத்திரியே நியூயார்க்கில் அதன் ஏடிஆர் (இந்தியப் பங்குக்கு ஈடாக அமெரிக்கச் சந்தையில் விற்கும் சான்று) அடிவாங்கியது. மறுநாள் ஏப்ரல் 14, அம்பேத்கர் ஜெயந்தி, நமக்குத் தமிழ்ப் புத்தாண்டு, சந்தை விடுமுறை. அப்புறம் சனி, ஞாயிறு. ஆக விற்க நினைத்த அத்தனை பேரும் மூன்று நாள் காத்திருந்து திங்கள் காலை ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள். ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ் (பின்தேதி விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள்) உள்ள பங்கு என்பதால் 5, 10 சதவீதம் என்று நிரந்தர சர்க்யூட்டும் கிடையாது. அன்று 9 சதவீதத்துக்கு மேல் இறங்கி முடிந்தது. திங்கள் காலை ஆப்பைத் திறந்து சிவப்பை மட்டும் பார்த்தவருக்கு இது திடீர்த் தாக்குதல் மாதிரிதான் தெரிந்திருக்கும், வியாழன் ராத்திரி அந்த அறிக்கையைப் பத்து நிமிஷம் புரட்டியவருக்கு அப்படித் தெரிந்திருக்காது.

இதைவிட வேடிக்கை போனஸ் சமாச்சாரம். 2024 டிசம்பர் 3 அன்று விப்ரோ ஒன்றுக்கு ஒன்று போனஸுக்காக (கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பங்கு இலவசம், அதனால் ஒரு பங்கின் விலை பாதி) விலை சரிசெய்யப்பட்டு வர்த்தகமானது. 580 சொச்சத்தில் இருந்த பங்கு காலையில் 290 சொச்சம். பாதி பணம் போச்சே என்று பதறியவர்களின் கணக்கில் போனஸ் பங்கு வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குள் எத்தனை கதைகள்! பெரிய ஐடி பங்கு காரணமில்லாமல் ஆடுகிறது என்று முடிவு கட்டுவதற்குமுன் நாலு விஷயம் பார்த்துவிடுங்கள்: முடிவு வந்ததா, போனஸ், டிவிடெண்ட் தேதியா, ராத்திரி ஏடிஆர் என்ன ஆனது, ஐடி பங்குகளின் குறியீடான நிஃப்டி ஐடி முழுக்க இறங்கியதா. ஐந்தாவதாக அக்சென்ச்சர் என்ற பெரிய வெளிநாட்டு ஐடி கம்பெனி. அது மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பரில் முடிவு சொல்லும்போதெல்லாம் நம்மூர் ஐடி பங்குகள் சேர்ந்தே ஆடும்.

சரி, காரணம் இருந்தாலும் இவ்வளவு இறங்குமா என்று கேட்பீர்கள். இறங்கும். 2025 ஜனவரி 27 அன்று, சீனாவின் டீப்சீக் குறைந்த செலவில் ஏஐ மாடல் செய்துவிட்டது என்ற பேச்சில் ஏஐ சிப் செய்கிற என்விடியா ஒரே நாளில் சுமார் 17 சதவீதம் விழுந்தது, கிட்டத்தட்ட 59,000 கோடி டாலர் சந்தை மதிப்பு காலி. மறுநாளே 9 சதவீதம் அளவுக்கு மேலே வந்தது. அந்த அளவுள்ள பங்கை ஒரு கும்பல் உட்கார்ந்து இறக்கி ஏற்றியது என்பதைவிட, பயந்த ஆயிரக்கணக்கான ஃபண்டுகள் ஒரே திசையில் ஓடின என்பதுதான் நம்பும்படி இருக்கிறது. பயத்துக்குத் தலைவன் தேவையில்லை.

ஸ்டாப்லாஸ் (விலை இந்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்றுவிடு என்று முன்கூட்டிப் போடும் ஆர்டர்) புலம்பலும் இதே வகை. "என் ஸ்டாப்லாஸைத் தொட்டுட்டு உடனே மேலே போயிடுச்சு, அவங்களுக்குத் தெரியுது." உங்கள் இருபது பங்கை எடுக்க யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். நீங்கள் 1,500 என்ற முழு எண்ணில் வைத்தீர்கள், உங்களைப் போலவே ஊர் முழுக்க அதே 1,500-இல் வைத்தது. விலை அங்கே வந்ததும் எல்லாம் சேர்ந்து விற்று இன்னும் கொஞ்சம் இறங்குகிறது, பிறகு திரும்புகிறது, அவ்வளவுதான்.

இப்போது எதிர்ப்பக்கம். உண்மையிலேயே ஆட்டுவிக்கப்படும் பங்கு எப்படி நடந்துகொள்ளும்? 2000 வாக்கில் கேதன் பரேக் என்ற பங்குத் தரகர் கைவைத்த பங்குகளை கே-10 என்றே சொல்வார்கள், அதில் பெரும்பகுதி தொழில்நுட்பம், தொலைத்தொடர்பு, மீடியா. சென்னைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பென்டாமீடியா கிராஃபிக்ஸும் எஸ்எஸ்ஐயும் அந்தப் பட்டியலில் இருந்தன. தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று விலையை ஏற்றுவது, ஏறிய பங்கைக் காட்டிக் கடன் வாங்குவது, அந்தப் பணத்தில் மறுபடி வாங்குவது. நாஸ்டாக் சரிந்து, 2001 மார்ச்சில் கொல்கத்தா பங்குச் சந்தையில் பணம் கட்ட முடியாமல் போனபோது எல்லாம் இறங்கியது. 2003-இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி அவரை 14 ஆண்டு சந்தைக்குள் வரக்கூடாது என்று தடை செய்தது. தடை முடிந்தபின், 2025 ஜனவரியில் வேறொரு விவகாரத்தில் மறுபடியும் அவர்மேல் செபியின் இடைக்கால உத்தரவு வந்தது.

இன்றைக்கு இதன் சின்ன வடிவம் சர்க்யூட் பங்குகளில் ஓடுகிறது. 5 சதவீத வரம்புள்ள பங்கு தினமும் அப்பர் சர்க்யூட் அடித்தால் 15 வர்த்தக நாளில் விலை இரட்டிப்பு. ஆர்டர் ஜன்னலைத் திறந்து பாருங்கள்: வாங்கும் பக்கம் லட்சக்கணக்கில் நிற்கும், விற்கும் பக்கம் பூஜ்யம். காலையில் ஆர்டர் போடுவீர்கள், கிடைக்காது. மறுநாளும் கிடைக்காது. கிடைக்காததாலேயே ஆசை ஏறும். பிறகு ஒருநாள் கேட்ட அத்தனையும் ஒரே நொடியில் கிடைக்கும், சந்தோஷமாக இருக்கும். இத்தனை நாள் விற்காமல் வைத்திருந்தவர் இன்று ஏன் மொத்தமாகக் கொடுத்தார் என்று அப்போது யாரும் யோசிப்பதில்லை. அதன்பின் லோயர் சர்க்யூட் (ஒரு நாளில் இறங்க அனுமதித்த அடி வரம்பு) ஆரம்பித்தால் 14 நாளில் விலை பாதியாகிவிடும், அதுவரை விற்கவும் முடியாது, ஏனென்றால் இப்போது வாங்கும் பக்கம் பூஜ்யம். இங்கே ஸ்டாப்லாஸ் வைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை, வாங்க ஆள் இருந்தால்தானே அது வேலை செய்யும்.

இந்த மாதிரிப் பங்கில் ஆப்பிலேயே ஓரமாக ஏஎஸ்எம் அல்லது ஜிஎஸ்எம் என்று ஒரு எச்சரிக்கை இருக்கும், எக்ஸ்சேஞ்ச் கண்காணிப்பில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்து "நல்ல பங்கு ஏறவிடாமல் செபி தடுக்குது" என்கிறவர்களை என்ன சொல்ல! கம்பெனி பெயரையும் பாருங்கள். சமீபத்தில் பெயர் மாற்றி டெக், ஏஐ என்று சேர்த்திருந்தால், புதுப் பெயர் சொல்கிற தொழிலில் இருந்து கடந்த ஓராண்டு வருமானத்தில் பாதியாவது வந்திருக்க வேண்டும், அல்லது சொத்தில் பாதி அளவாவது அந்தத் தொழிலில் போட்டிருக்க வேண்டும் என்று செபி விதியே இருக்கிறது. வருமான விவரத்தை எடுத்து நீங்களே சரிபார்க்கலாம். டெலிகிராமில் டிப்ஸ் தருகிறவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள், ஆராய்ச்சியாளர் என்றால் ஐஎன்எச் என்று தொடங்கும். எண் கொடுத்தாலும் விடாதீர்கள், வேறொருவர் எண்ணை ஒட்டிக்கொள்கிறார்கள், செபி தளத்தில் அந்தப் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்தபிறகுதான் மற்றதெல்லாம்.

பெரிய கம்பெனி என்றால் ஏமாற்றே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம், சத்யம் என்ற ஐடி கம்பெனி இருக்கிறதே. 2008 டிசம்பர் நடுவில் அதன் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்துக்குச் சொந்தமான மேய்ட்டாஸ் கம்பெனிகளை வாங்கப்போவதாக அறிவித்து, முதலீட்டாளர்கள் கொதித்ததும் உடனே வாபஸ் வாங்கினார்கள், பங்கு பலமாக இறங்கியது. விலை குறைஞ்சிருக்கே என்று இன்னும் வாங்கி சராசரி பண்ணியவர்கள் உண்டு. 2009 ஜனவரி 7 அன்று ராமலிங்க ராஜு கணக்கில் இருந்த ரொக்கமே பொய் என்று கடிதம் கொடுத்ததும் 179 ரூபாய் பங்கு ஒரே நாளில் 40 ரூபாய்க்கு வந்தது. இங்கே பித்தலாட்டம் தினசரி விலை ஆட்டத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருந்தது. பெரிய பங்கில் சந்தேகப்படத்தான் வேண்டும் என்றால் சார்ட்டை விட்டுவிட்டு நிர்வாகத்தைச் சந்தேகப்படுங்கள்: உரிமையாளர் பங்கை அடகு வைக்கிறாரா, ஆடிட்டர் பாதியில் விலகினாரா, லாபம் காட்டுகிற கம்பெனிக்குக் கையில் பணம் வருகிறதா. இதில் ஒன்று தப்பாகத் தெரிந்தாலும் சராசரி பண்ணக் கூடாது.

"அப்போ ஜேன் ஸ்ட்ரீட்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025 ஜூலையில் செபி அந்த அமெரிக்க நிறுவனத்திடம் 4,843 கோடி ரூபாயை முடக்க உத்தரவிட்டது. செபி காட்டிய முக்கிய உதாரணம் 2024 ஜனவரி 17: காலையில் வங்கிக் குறியீடான பேங்க் நிஃப்டியின் பங்குகளையும் ஃபியூச்சர்ஸையும் வாங்கித் தூக்கி, கூடவே ஆப்ஷன்ஸில் பல மடங்கு எதிர்நிலை எடுத்து, மதியத்துக்குமேல் வாங்கியதை விற்று இறக்கியது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்து மேல்முறையீடு போனது. ஐடி இல்லை, வங்கிக் குறியீடுதான், ஆனாலும் பாடம் இங்கே பொருந்தும். அந்தக் குற்றச்சாட்டு அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் அடிபட்டது யார்? அன்றைக்கு கால், புட் என்ற ஆப்ஷன்ஸ் வைத்திருந்தவர். வங்கிப் பங்கை டெலிவரி எடுத்து வருஷக்கணக்கில் வைத்திருப்பவருக்கு அந்தச் சில மணி நேர ஆட்டத்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டில் ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று செபி ஆய்வே சொல்கிறது. பெரிய கைகள் ஆட்டுகிறார்கள் என்று உறுதியாக நம்புகிற ஒருவர், அதே பெரிய கைகளோடு எக்ஸ்பைரி நாளில், அதாவது அந்த ஒப்பந்தங்கள் முடிகிற நாளில், மோதப் போவது எனக்குப் புரிந்ததே இல்லை.

நிஜமாகவே ஏதோ தப்பு நடக்கிறது என்று தோன்றினால், டிப்ஸ் வந்த மெசேஜ், அனுப்பிய எண், தேதி, அன்றைய விலை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து செபிக்கு அனுப்புங்கள். புரோக்கர் மீதோ கம்பெனி மீதோ புகார் என்றால் அதற்கு செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. டிப்ஸ் வந்த க்ரூப்பை விட்டு வெளியேறுவதற்குமுன் இதைச் செய்துவிடுங்கள், பிரச்சினை வந்ததும் அட்மின் முதலில் அழிப்பது பழைய மெசேஜ்களைத்தான்.