நீலகிரி பக்கம் துருப்பிடிச்ச தகர ஷெட்டு, பழைய மெஷினெல்லாம் போட்டோ எடுக்குறது எப்படி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரின்னு கேமராவை தூக்கிட்டு வர்றவங்கள்ல முக்காவாசி பேர் தேயிலைச் சரிவையும் மலை ரயிலையும் எடுத்துட்டு இறங்கிடுவாங்க. ரோட்டோரம் பாதி சரிஞ்சு நிக்கிற தகர ஷெட்டு, ஃபேக்டரி பின்னாடி பொதருக்குள்ள கெடக்குற தேயிலை ரோலரு (கொழுந்தை உருட்டிச் சுருட்டுற மெஷின்), கேரட் தோட்டத்து ஓரத்துல செங்கல் மேல நிக்கிற டயர் இல்லாத டிராக்டரு, தைலம் காய்ச்சுனவங்க விட்டுட்டுப் போன டிரம்மு, இதையெல்லாம் யாரும் திரும்பிக்கூட பாக்குறதில்ல. அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

கெளம்புறதுக்கு முன்னாடியே ஒண்ணு முடிவு பண்ணிக்கோங்க. இன்னைக்கு உங்களுக்கு வேண்டியது துருவோட கலரா, இல்ல அதோட சொரசொரப்பா? ரெண்டுக்கும் வேற வேற வெளிச்சம் வேணும், ஒரே நேரத்துல ரெண்டும் நல்லா கெடைக்கிறது ரொம்ப அபூர்வம்.

கலர் வேணும்னா மழையும் மூடுபனியும்தான் சரியான நேரம். காஞ்ச துரு மேல பொடி பொடியா இருக்கும், விழுற வெளிச்சத்தை நாலா பக்கமும் செதறடிக்கும், அதனால வெளிறிப்போய் செங்கப்பொடி மாதிரி தெரியும். நனைஞ்சா அந்த சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் தண்ணி ரொம்பிக்கும், செதறல் குறையும், ஆரஞ்சு, காவி, கருஞ்சிவப்புன்னு ஒவ்வொரு கலரும் தனித்தனியா எழுந்து வரும். பக்கத்துல இருக்குற பாசியும் தேயிலையும் நனைஞ்சு கரும்பச்சை ஆயிருக்குமா, அந்தப் பச்சைக்கு நடுவுல துரு சும்மா எரியுற மாதிரி இருக்கும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கூடலூர், ஊட்டி மேற்குப் பக்கம் நல்ல மழை, அக்டோபர் நவம்பர்ல குன்னூர் கோத்தகிரி பக்கம். நவம்பர்ல மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்சரிவு நடக்கும், விசாரிச்சுட்டு ஏறுங்க.

நனைஞ்ச தகரத்துல ஒரு தொல்லை இருக்கு, வெள்ளை வானம் அப்படியே அதுல பளபளன்னு தெரிஞ்சு கலரை மறைச்சிடும். இதுக்கு லென்ஸ் முன்னாடி போலரைசர் ஃபில்டர்னு பளபளப்பைக் கொறைக்கிற கண்ணாடியை மாட்டி மெதுவா திருப்புங்க, பளபளப்பு போயி உள்ள இருக்குற காவி வெளிய வரும். சுவருக்கு நேர் எதிர்ல நின்னா இது வேலை செய்யாது, கொஞ்சம் பக்கவாட்டுல போய் சாஞ்ச கோணத்துல பாக்கணும். துருவே இல்லாத வெறும் இரும்பு, எவர்சில்வர்ல எல்லாம் பெருசா மாத்தம் தெரியாது, துரு, பெயிண்ட், ஈரம் இதுல நல்லா தெரியும். வெளிச்சம் ஒண்ணரை ரெண்டு ஸ்டாப் கொறையும் (ஒரு ஸ்டாப்னா பாதியா கொறையுறது)ங்கிறதால ட்ரைபாட் இல்லாட்டி ஒரு கல்லு மேலயாவது கேமராவை வெச்சுக்கோங்க.

வொய்ட் பேலன்ஸ், அதாவது லைட்டுக்கு ஏத்த மாதிரி கேமரா கலரை சரி பண்ற செட்டிங், அதை ஆட்டோல விடவே விடாதீங்க. ஃபிரேம் பூரா ஆரஞ்சா இருந்தா கேமரா அது லைட்டோட கோளாறுன்னு நெனச்சு நீலத்தை ஏத்தி சரி பண்ணிடும், நீங்க நேர்ல பாத்த கலர் காணாமப் போயிடும். டேலைட் இல்லாட்டி கிளவுடினு ஒண்ணுல நிறுத்திக்கோங்க, ரா ஃபைல்ல (கேமரா பதிஞ்சதை அப்படியே வெச்சிருக்குற ஃபைல்) எடுத்தா பின்னாடி மாத்திக்கலாம். மூடுபனி ஃபிரேம்ல நெறைய இருந்தா எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்ச அளவை, கொஞ்சம் ஏத்துங்க, இல்லாட்டி பனி சாம்பலா வரும். இருட்டு ஷெட்டு ஃபிரேமை அடைச்சிருந்தா நேர் மாறா கொறைக்கணும். ஃபோன்ல எடுக்குறவங்க ஸ்கிரீனை அழுத்திப் பிடிச்சு லாக் பண்ணிட்டு விரலை மேல கீழ இழுத்தா போதும்.

இப்ப சொரசொரப்புக்கு வருவோம். இதுக்கு வெயில் வேணும், அதுவும் சுவரை ஒரசிக்கிட்டு போற வெயில். இங்க ஒரு விஷயம் நெறைய பேர் கவனிக்கிறதில்ல. வரி வரியா இருக்குற தகரத்தை சுவருக்கு அடிக்கும்போது பெரும்பாலும் வரி மேலருந்து கீழ ஓடும். உச்சி வெயில் அந்த வரியோடயே ஓடிடும், வரி தெரியாது, ஆணித் தலையும் ஷீட்டு மேல ஷீட்டு ஏறுற விளிம்பும் மட்டும் நீளமா நெழல் விடும். வரி ஒவ்வொண்ணும் எடுப்பா தெரியணும்னா வெயில் இடமிருந்தோ வலமிருந்தோ வரணும், அப்பத்தான் ஒரு மேடு வெளிச்சம் ஒரு பள்ளம் நெழல்னு மாறி மாறி விழும். பலகையை படுக்க வெச்சு அடிச்ச சுவருன்னா இதுக்கு நேர் எதிர், பதினோரு மணி வெயில்கூட அதுக்கு நல்லாத்தான் இருக்கும். காலைல எந்திரிக்க முடியாதவங்க பலகைச் சுவரா தேடுங்க :)

ஃபோன்ல திசைகாட்டி இருக்குல்ல, சுவரு எந்தப் பக்கம் பாத்திருக்குன்னு ஒரு தடவை பாத்து வெச்சுக்கோங்க. டிசம்பர் ஜனவரில சூரியன் தெக்கால சாஞ்சே போகுறதால வடக்குப் பாத்த சுவர்ல வெயிலே விழாது, மே ஜூன்ல விழும். ஆனா வருஷத்துல பாதி நாள் வெயில் சரியா படாததாலேயே அந்த வடக்குச் சுவருதான் பெரும்பாலும் ஈரமா, பாசியும் மரப்பாசியுமா இருக்கும், கலருக்கு அது தங்கம். கேத்தி மாதிரி பள்ளத்தாக்குன்னா மேட்டுல வெயில் வந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கீழ எறங்கும், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் இன்னொரு சான்ஸ் இருக்கு, உறைபனி. முந்தின ராத்திரி வானம் தெளிவா, காத்து இல்லாம இருந்தா தலைகுந்தா, காந்தல் மாதிரி தாழ்வான எடத்துல விடிகாலைல இரும்பு மேல வெள்ளையா உப்பு தூவுன மாதிரி படிஞ்சிருக்கும். துருவும் வெள்ளையும் சேந்து அப்படி ஒரு கலர். வெயில் பட்டதும் கரைஞ்சிடும், அதனால எங்க நிக்கணும்னு முந்தின நாளே பாத்து வெச்சிடுங்க. குளிர்ல பேட்டரி சீக்கிரம் எறங்கும், ஸ்பேர் பேட்டரிய சட்டை உள் பாக்கெட்டுல போடுங்க.

முழு ஷெட்டையும் ஒரு ஃபிரேம்ல அடக்கணும்னு வைடு லென்ஸ் போட்டு கிட்டப் போயிடாதீங்க, சும்மாவே சரிஞ்ச ஷெட்டு இன்னும் சரிஞ்சு விழுற மாதிரி வரும், அந்த சரிவு ஷெட்டோடதா லென்ஸோடதான்னு பாக்குறவனுக்கு தெரியாது. பின்னாடி போயி 50 எம்எம், ஃபோன்னா 2எக்ஸ். கேமரா சுவருக்கு இணையா, லென்ஸ் திறப்பு (அபர்ச்சர்) எஃப் 8. அப்புறம் கிட்டப் போங்க, என்னைக் கேட்டா நல்ல படம் அங்கதான் இருக்கு. தகரத்துல துரு எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க, துத்தநாகப் பூச்சு போன எடத்துல, அதாவது ஆணி ஓட்டைலயும் வெட்டுன விளிம்புலயும்தான். அங்கருந்து மழைத்தண்ணி கீழ இழுத்துட்டுப் போன கோடு ஒவ்வொரு ஆணிக்கும் ஒண்ணு இருக்கும், அந்தக் கோடு மட்டுமே ஒரு படத்துக்கு போதும். தார் டின்னை வெட்டி விரிச்சு அடிச்ச சுவரு கெடைச்சா விடாதீங்க, தார் உரிஞ்ச எடம், உரியாத எடம், நடுவுல துருன்னு ஒரே தகரத்துல மூணு விதம்.

பழைய தேயிலை ரோலர்ல வார்ப்பு எழுத்து இருக்கும், தேடிப் பாருங்க. இங்கிலாந்து கெய்ன்ஸ்பரோல இருந்த மார்ஷல் கம்பெனி ரோலரு, பெல்ஃபாஸ்ட்ல டேவிட்சன் கம்பெனி செஞ்ச சிராக்கோ டிரையர் (தேயிலையை காய வைக்கிற மெஷின்), இதெல்லாம் தேயிலை ஊர்கள்ல நல்லா தெரிஞ்ச பேருங்க. எழுத்து மேல துரு ஏறி நேரா பாத்தா படிக்கவே முடியாது. ஃப்ரெண்டு ஃபோன் டார்ச்சை இரும்போட ஒட்டி படுக்க வெச்சு அடிக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு எழுத்தும் நெழலோட எந்திரிச்சு நிக்கும். ரோலரோட வட்டத் தட்டுல பித்தளை இருந்தா அதுல பிறை மாதிரி வளைஞ்ச மேடுங்க இருக்கும், கொழுந்து சுருளுறது அதுல மாட்டித்தான். பித்தளை பச்சை பூத்து, சுத்தி இரும்பு துருப்பிடிச்சு, கொஞ்சம் மேலருந்து எடுத்தா அருமையா இருக்கும். தயவுசெஞ்சு லாந்தரு, சுரைக்காய், மாடலிங் பொண்ணுன்னு எதையும் கொண்டுபோய் அது மேல வெக்காதீங்க.

ஆளே இல்லாத மாதிரி கெடந்தாலும் அது யாரோ ஒருத்தரோடதுதான். எஸ்டேட்டுன்னா ஆபீஸ்ல கேளுங்க, தோட்டம்னா பக்கத்துல கேரட் புடுங்கிட்டு இருக்குறவங்ககிட்ட "அண்ணா, இது உங்களுதா, ரெண்டு போட்டோ எடுத்துக்கலாமா"ன்னு கேட்டா போதும். முதல்ல பழைய இரும்பு வெலைக்கு கேக்க வந்தவன்னு நெனைப்பாங்க, கேமராவைக் காட்டுனா சிரிச்சுட்டு இன்னும் ரெண்டு எடம் அவங்களே சொல்லுவாங்க. பிடிச்சது கண்ணுல பட்டா அன்னைக்கே எடுத்துடுங்க, அடுத்த தடவை வரும்போது எடை போட்டு வித்திருப்பாங்க. அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரி பக்கமும் வெலிங்டன் ராணுவ எடத்துலயும் கேமராவை வெளிய எடுக்காதீங்க, ரிசர்வ் ஃபாரஸ்டுக்குள்ள அனுமதி இல்லாம போகாதீங்க, ட்ரோனை வீட்டுலயே வெச்சிட்டு வாங்க. வெளியூர் வண்டி நீலகிரிக்குள்ள வர்றதுக்கான இ-பாஸ் வேணுமான்னும் மறக்காம பாத்துக்கோங்க.

உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய நின்னு நல்லா சத்தம் குடுங்க. கோத்தகிரி, குன்னூர் பக்கம் பாழடைஞ்ச கட்டடத்துல கரடி படுத்திருக்கும், தேயிலைக்குள்ள காட்டுமாடு நிக்கும், இது ரெண்டுகிட்டயும் லென்ஸ் வேலைக்கு ஆகாது. உளுத்த பலகைத் தரைல கால் வெக்காதீங்க, பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ஒடைக்காதீங்க. தகரம் கிழிச்சிடுச்சுன்னா கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி போயி டிடி ஊசி (டெட்டனஸ் வராம இருக்க போடுறது) பத்தி கேளுங்க. கூடலூர் பக்கம் மழைக்காலத்துல அட்டைக்கு உப்பு.

எடிட்டிங்ல ஹெச்டிஆர் ஸ்லைடரை முழுசா இழுத்து துருவை நியான் லைட்டு ஆக்குறவங்களோட எனக்கு ஒத்தே வராது. ஆரஞ்சு கலரோட சாச்சுரேஷனை (கலரோட அடர்த்தியை) ஏத்துறதுக்கு பதிலா அதோட வெளிச்சத்தை லேசா கொறைங்க, கலர் தானா கெட்டியாகும். பிளாக் அண்ட் வொய்ட் பண்றதா இருந்தா நீல ஃபில்டர்ல துரு கருப்பா போகும், சிவப்புல வெளுக்கும், ரெண்டையும் போட்டுப் பாத்து எடுத்துக்கோங்க.

ரூமுக்கு வந்ததும் கேமராவை பையிலருந்து உடனே எடுக்காதீங்க, குளிர்லருந்து சூட்டுக்கு வந்தா லென்ஸ் பூரா தண்ணி கோத்துக்கும், கொஞ்ச நேரம் பை உள்ளயே இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் காத்து போகாத டப்பால ஈரத்தை உறிஞ்சுற நீலக் கலர் சிலிக்கா ஜெல் மணி போட்டு வைங்க, மலை ஈரம் ஒட்டுன லென்ஸ்ல பூஞ்சை சீக்கிரம் புடிக்கும். அந்த நீல மணி ரோஸ் கலர் ஆயிடுச்சுன்னா ஈரம் நெறைய குடிச்சிடுச்சுன்னு அர்த்தம், மாத்திடுங்க.